கப்பலில் இன்னும் ஒருவர்

"எங்களைத் திரும்ப ஏத்திக்குவீங்க இல்ல?"

இந்த ஒரு கேள்வியை எத்தனை விதமான தொண்டையில் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள, கப்பல் மாறும் நாளில் எங்கள் துறைமுகத்துக்கு வர வேண்டும். மூக்கால் கேட்பவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் முகம் வெளுத்துப்போகிறவர்கள் உண்டு. மனைவியை முன்னால் நிறுத்திவிட்டு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பவர்களும் உண்டு. எல்லாருக்கும் பூஜ்யம் அக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருப்பாள்.

"கவலையே படாதீங்க. உங்களை விட்டுட்டு இந்தக் கப்பல் ஒரு அடி நகராது."

வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்தது போன்ற குரல் அது. கேட்டவர் உடனே நிம்மதியாகிப் போய் உட்கார்ந்துவிடுவார். அவர் திரும்பியதும் அக்கா என் காதில் வேறொரு குரலில் சொல்வாள்: "ஏத்தலன்னா என்ன பண்றது? கடவுளே, எனக்கே பயமா இருக்குடா."

இரண்டும் ஒரே வாய்தான்.

கப்பல் மாறும் நாள் என்றால், போன பயணத்துக்காரர்கள் காலையில் இறங்கி, அடுத்த பயணத்துக்காரர்கள் மதியம் ஏறும் நாள். நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு ஊரையே காலி பண்ணிப் பெருக்கித் துடைத்து, இன்னொரு ஊரைக் குடிவைக்க வேண்டும். முந்தின நாளே பெட்டிகளை அறைவாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். வைத்துவிட்டு, மறுநாள் போட்டுக்கொள்ள ஒரு கால்சட்டைகூட இல்லாமல் துண்டோடு நிற்கும் மகானுபாவர் பயணத்துக்கு ஒருவராவது இருப்பார். காலையில் நிற நிறமாய்ச் சீட்டுக் கொடுத்து, ஒவ்வொரு நிறமாகக் கூப்பிட்டு இறக்குவார்கள். நீலம் கூப்பிட்டால் பச்சையும் எழுந்து நிற்கும். பச்சை கூப்பிட்டால் நீலம் இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்.

இதில் அக்காவின் ஆட்கள் தனி ரகம். அடுத்தடுத்து இரண்டு பயணத்துக்கும் சீட்டு வாங்கியவர்கள். அதே கப்பல், அதே அறை, அலமாரியில் சட்டை தொங்கியது தொங்கியபடியே இருக்கும். ஆனாலும் நடுவில் ஒரு முறை கரைக்கு வந்தே ஆக வேண்டும். இமிக்ரேஷனில் முகத்தைக் காட்டி, புது அட்டை வாங்கிக்கொண்டு, கூடத்தில் காத்திருக்க வேண்டும். கப்பலில் கடைசி ஆள் இறங்கி, கணக்கு பூஜ்யம் ஆன பிறகுதான் திரும்ப ஏறலாம். அவர்களை மேலே போய்க் கூட்டி வந்து, உட்கார வைத்து, பிஸ்கட் கொடுத்து, பயத்தைத் தட்டிக்கொடுத்து, திரும்ப ஏற்றிவிடுவது அக்காவின் வேலை.

கணக்கு நடப்பது பீப் சத்தத்தில். இறங்கும் ஒவ்வொருவரும், கப்பலிலிருந்து கரைக்குப் போட்டிருக்கும் பாலத்தின் மேல்முனையில் இருக்கும் இயந்திரத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். பீப் என்றால் ஒருவர் குறைந்தார். எங்கள் டெர்மினல் ஆட்கள் மேலே போனாலும் அதே கதைதான். ஏறும்போது ஒரு பச்சை அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். இறங்கும்போது பீப் அடித்து, கழற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மேலே இருப்பது கப்பல் ஊழியர்கள் மட்டும்தான் என்று ஆனதும், கப்பலின் பாதுகாப்பு அதிகாரி வாக்கி-டாக்கியில் "பூஜ்யம்" என்பார். அதுவரைக்கும் அக்கா அவரை விடமாட்டாள். "பூஜ்யமா?" "இல்லை." "இப்ப?" "இல்லை." "இப்பவாவது?" பெயர் அப்படி வந்ததுதான்.

எண்ணுவது அவளுக்கு இங்கே வந்த பிறகு ஒட்டிக்கொண்ட வியாதி இல்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு ஜவுளிக்கடையில், உடை மாற்றிப் பார்க்கும் அறையின் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே எத்தனை துணி எடுத்துப் போகிறார்களோ அத்தனை எண் போட்ட டோக்கன் கொடுத்து, வெளியே வரும்போது திரும்ப வாங்க வேண்டும். ஒருநாள் ஒரு ஆள் இரண்டு கால்சட்டை போட்டுப் பார்த்துவிட்டு, இரண்டும் பிடிக்கவில்லை என்று டோக்கனோடு வீட்டுக்குப் போய்விட்டார். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர் டோக்கனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, கடையே திரும்பிப் பார்க்கும்படி கிழி கிழி என்று கிழித்தாள். அவர்தான் எங்கள் மாமா.

மாமாவுக்கு இப்போது கப்பலின் சலவைக்கூடத்தில் வேலை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத இரும்பு அறை. மேலே ஊரே மிதந்துகொண்டு பாட்டுக் கேட்கும். கீழே இவர் அந்த ஊரின் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு மாறும் நாளிலும் அவருக்கு அரை மணி நேரம் கிடைக்கும். பூஜ்யம் ஆனதற்குப் பிறகு, புதுப் பயணிகள் ஏறுவதற்கு முன், பாலம் காலியாய்க் கிடக்கும் அந்த அரை மணிதான் கப்பல் ஊழியர்களுக்குக் கரையில் கால்வைக்க அனுமதி. அக்காவும் மாமாவும் பெட்டி ஏற்றும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் பொண்ணைப் பற்றி. "அப்பா வீடியோவுல நல்லாச் சிரிக்கிறார், நேர்ல வந்தா தூங்குறார்" என்று அவள் சொன்னதை அக்கா சொல்லும்போது மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்.

அந்தக் குறிப்பிட்ட நாளில் அந்த அரை மணி நேரம் அக்காவுக்கு உயிர்போகிற விஷயமாக இருந்தது. காரணம், முந்தின நாள் போனில் பேசிய ஒரே ஒரு வாக்கியம்.

மாமாவின் ஒப்பந்தம் அன்றோடு முடிகிறது. கப்பல் அடுத்த பயணத்தோடு வேறு கடல் பக்கம் போகிறது. இனி நெடுங்காலம் எங்கள் துறைமுகத்துக்கு வராது. கூடவே போவதென்றால் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அவர் போனில் கேட்டார்: "என்ன சொல்லட்டும்?" இவள், ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற எங்கள் அக்கா, சொன்ன பதில்: "உங்க இஷ்டம்."

"சரி" என்றார் அவர். லைன் போய்விட்டது.

காலையில் டெர்மினலுக்குள் நுழைந்ததிலிருந்து அந்த "சரி"யைத்தான் அவள் என்னிடம் ஏழெட்டு ராகத்தில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி...ன்னு இழுத்தாரா, சரின்னு வெட்டினாராடா? வெட்டின மாதிரிதான் இருந்துச்சு. போறேன்னுதான அர்த்தம்?"

"அக்கா, சரின்னா சரி. அதுல என்ன அர்த்தம்?"

"கல்யாணம் ஆகட்டும், அப்புறம் தெரியும் உனக்கு."

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நானா சொல்லணும்? அவருக்கா தெரிய வேண்டாமா?" என்றவள், அடுத்த மூச்சிலேயே, "இன்னிக்கு நேர்ல சொல்லிருவேன். அரை மணி நேரம் இருக்குல்ல? சொல்லிருவேன்" என்றாள்.

கீழே சலவைக்கூடத்தில் போன் எடுக்காது. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட வேண்டும். ஆக, அந்த அரை மணி நேரத்தை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரே ஒரு நல்ல செய்தி, மாமா இன்னும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் காது உடைந்து, போன முறை கப்பல் வந்தபோது சரிபண்ண அக்காவிடம் கொடுத்திருந்தார். "கண்ணாடி வரட்டும், படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்" என்று கப்பல் ஆபீசில் சொல்லி வைத்திருந்தார். சரிபண்ணிய கண்ணாடி இப்போது அக்காவின் கோட்டுப் பையில் இருந்தது. இருக்கிறதா என்று அவள் அடிக்கடி மேலிருந்து தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுடைய ஆட்களில் முக்கியமானவர் ஒரு ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். நாங்கள் வைத்த பெயர் சந்தேகம் சார். மனைவி சக்கர நாற்காலியில். கணவரின் சந்தேகங்களை வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, வாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டே இருக்கும் அம்மா.

அக்கா அவர்களை அழைத்துவர மேலே போனபோது கடல் மட்டம் ஏறிக் கப்பலும் உயர்ந்து, பாலம் கூரை மாதிரி சரிந்து கிடந்தது. சக்கர நாற்காலியை அதில் விட்டால் அம்மா நேராகக் கடற்கரைக்கே போய்ச் சேருவார். அதனால் கீழே, பெட்டிகளை இறக்கும் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கூட்டி வரச் சொன்னார்கள். அங்கே ஒரு மாலுமி கையில் சின்ன இயந்திரத்தோடு நின்று பயணிகளுக்கு மட்டும் பீப் அடித்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்குப் பீப். சாருக்குப் பீப்.

"சத்தம் வந்துச்சா? எனக்கு வந்த மாதிரி தெரியலையே. இன்னொரு தடவை அடிங்க தம்பி" என்றார் சார்.

"வந்துச்சு சார்."

"அவளுக்கு வந்ததா, எனக்கு வந்ததா?"

"ரெண்டு பேருக்கும் வந்துச்சுங்க" என்றாள் அக்கா, நாற்காலியைத் தள்ளியபடி. "கவலையே படாதீங்க."

அப்படி ஒருவழியாய்க் கரைசேர்ந்து, இமிக்ரேஷன் முடித்து, கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தாயிற்று. அக்கா வாக்கியை எடுத்தாள். "பூஜ்யமா?"

கப்பலின் பாதுகாப்பு அதிகாரி புதியவர். ஒவ்வொரு வார்த்தையையும் தராசில் வைத்து, முள் நின்றதைப் பார்த்த பிறகுதான் நமக்குக் கொடுப்பார். "இன்னும்... ஒன்று... இருக்கிறது."

"யாரு?"

"தேடுகிறோம்."

இது வழக்கம்தான். எப்போதும் ஒன்று இருக்கும். குளியலறையில் பாடிக்கொண்டிருக்கும் ஒருவர், மேல்தளத்தில் கடைசியாய் ஒரு போட்டோ எடுக்கும் ஒருவர். கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள். அக்கா கண்ணாடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. "பூஜ்யமா?"

"ஒன்று."

வாசலில் புதுப் பயணிகளின் டாக்சிகள் வர ஆரம்பித்துவிட்டன. புதுப் பெட்டிகள், புதுத் தொப்பிகள், குழந்தைகளின் அலறல். பூஜ்யம் எப்போது வந்தாலும் ஏற்றும் நேரம் மாறாது. அதாவது, தாமதம் முழுவதையும் அந்த அரை மணியிலிருந்துதான் வெட்டுவார்கள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, அது சரியாக ஓடுகிறதா என்று என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மேனேஜர் வந்தார். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போலப் பேசுவார். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணுமே இல்ல" என்று அவர் தொடங்கினால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணும் இல்லம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு ஆளு காட்டுது. ஆனா ரூம் நம்பர் காட்ட மாட்டேங்குது. அதான் கப்பல் முழுக்கத் தேடுறாங்க. வேலையில இல்லாத எல்லாரையும் ஆரஞ்சு உடுப்பு மாட்டித் தேட விட்டிருக்காங்க. சமையல்காரங்க, பாட்டுக்காரங்க, சலவைக்கூடத்து ஆளுங்க..."

"சலவைக்கூடத்து ஆளுங்களுமா?"

"ஆமாம்மா. கதவு கதவாத் தட்டிப் பார்க்கிறாங்க."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கீழே வர வேண்டிய மனிதர் மேலே யாரோ ஒரு தூங்குமூஞ்சியைத் தேடிக் கதவு தட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஒத்தை ஆளுக்காக இத்தனை பேர் காத்துக் கிடக்கணுமா?" சந்தேகம் சார் எழுந்து நின்றுவிட்டார். "பொறுப்பு வேண்டாம் ஒரு மனுஷனுக்கு? என் ஸ்கூல்ல இருந்தா பெஞ்சு மேல நிக்க வெச்சிருப்பேன்."

"அவர் வந்ததும் எங்கிட்ட விடுங்க சார்" என்றாள் அக்கா. வெந்நீர்ப் பைக் குரல் எங்கோ போய்விட்டது. இது ஜவுளிக்கடைக் குரல். "எந்த மகராசனோ, மகராசியோ தெரியல. அடுத்தவங்களுக்கும் ஒரு வேலை இருக்கும், ஒரு குடும்பம் இருக்கும்னு நெனப்பு வேண்டாம்? நாலு வார்த்தை நறுக்குனு கேக்கப் போறேன்."

"நாலு போதாது" என்றார் சார்.

"ஏங்க, அது நீங்களா இருக்கப் போறீங்க" என்றார் சக்கர நாற்காலி அம்மா, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. "உங்களுக்குத்தான் சத்தம் வரலைன்னு சொன்னீங்களே."

சார் முகத்தில் ரத்தம் இறங்கிப் போனது. "அம்மா... அந்தப் பையன்... எனக்குச் சத்தம் வந்ததுதானே?"

"வந்துச்சு சார். நான் காதால கேட்டேன். உங்களுக்கு வந்துச்சு, அம்மாவுக்கு வந்துச்சு..." என்று விரலை மடக்கிய அக்கா, மூன்றாவது விரலை மடக்காமல் நிறுத்திவிட்டாள்.

அந்த விரலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அப்படியே காற்றில் நின்றது. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கிக் கோட்டின் மேல் தட்டிப் பார்த்தது. கண்ணாடி இருந்தது. பைக்குள் நுழைந்தது. கண்ணாடியோடு சேர்ந்து, ஒரு நாடா விரலில் சுற்றிக்கொண்டு வந்தது. நாடாவின் முனையில் பச்சை அட்டை.

நாற்காலியைக் குனிந்து தள்ளும்போது அட்டை தொங்கித் தொங்கி அம்மாவின் தலையில் இடித்துக்கொண்டிருந்தது. கழற்றிப் பையில் போட்டாள். பெட்டிக் கதவில் நின்ற மாலுமி பயணிகளைத்தான் பார்த்தான். நாற்காலி தள்ளுகிறவரை யார் பார்க்கிறார்கள்? பாலம் வழியாக வந்திருந்தால் இயந்திரம் தடுத்திருக்கும். அவள் அந்த வழியாக வரவே இல்லை.

"அக்கா..." என்றேன்.

"வாயை மூடு."

"அக்கா, அந்த ஒண்ணு..."

"தெரியும்டா. மூடுன்னேன்ல."

அட்டையைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். "என்னைத்தாண்டா தேடுறாங்க. அவரும் என்னைத்தான் தேடிட்டிருக்காரு. ஐயோ, கதவு கதவாத் தட்டிட்டிருப்பாரே!"

வாக்கியை எடுத்தாள். வைத்தாள். திரும்ப எடுத்தாள். கூடத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன் நறுக்கென்று கேட்பதாகச் சொன்ன அந்த நாலு வார்த்தைகளையும் இனி அவள் தன்னையேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். கடைசியில் குரலை அதிகாரிபோலவே தராசில் வைத்து, "ஐயா... அந்த ஒண்ணு... கெடச்சிருச்சு" என்றாள்.

"எங்கே?"

"இங்க."

"இங்கே என்றால்?"

"நாந்தாங்க."

அதிகாரி இந்த முறை தராசைத் தேடவில்லை.  "அட்டையோடு பாலத்துக்கு வரவும். உடனடியாக" என்றார்.

அக்கா ஓடினாள். பின்னால் சார், "அவங்களா? நம்மளக் கூட்டிட்டு வந்தவங்களா? அப்ப பெஞ்சு மேல..." என்று தொடங்க, "உக்காருங்க, அவளும் மனுஷிதான்" என்று அம்மா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மேலே நடந்ததை அக்கா ஒரு விதமாகவும் மாமா ஒரு விதமாகவும் சொல்வார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதைத்தான் சொல்கிறேன்.

சரிந்த பாலத்தில் மூச்சிரைக்க ஏறினால், மேலே அதிகாரி. அவருக்குப் பின்னால் ஆரஞ்சு உடுப்புக்காரர்கள் வரிசையாக, தேடிக் களைத்த முகங்களோடு. அதில் கடைசியாக, கையில் டார்ச்சோடு, மாமா. அதிகாரி அட்டையை வாங்கி எண்ணைச் சரிபார்க்கத் தொடங்கினார். அவருடைய வேகம் தெரியும்தானே.

மாமா அக்காவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "நீயா?"

"ம்."

"ஏழு மாடி ஏறி இறங்கியிருக்கேன். கட்டில் கட்டிலாக் குனிஞ்சு பார்த்திருக்கேன். எவன்டா அது கிராதகன்னு திட்டிட்டே தேடினேன்."

"நானும்தான் கீழ திட்டிட்டு இருந்தேன்."

"அன்னிக்கு நான் ஒரு டோக்கனோட வீட்டுக்குப் போனதுக்கு, கடையையே கூட்டி வெச்சு என்ன பேச்சுப் பேசினே!"

பக்கத்தில் நின்ற சமையல்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கீழே வாசல் பக்கம் புதுப் பயணிகளின் வரிசை திறக்கப்படுவது அங்கிருந்தே தெரிந்தது. அரை மணி போயே போயிற்று. இப்போது இருப்பது, அதிகாரி அந்த எண்ணைப் படித்து முடிக்கும் நேரம் மட்டும்தான்.

மாமா கையை நீட்டினார். "கண்ணாடி கொண்டு வந்தியா?"

"கொண்டு வந்தேன்."

"குடு. ஆபீஸ்ல காத்திட்டிருக்காங்க."

"குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"குடுத்தா படிப்பீங்க. படிச்சா கையெழுத்துப் போட்டுருவீங்க."

மாமா டார்ச்சை அணைத்தார். வெயிலில் அது எரிந்துகொண்டிருந்ததே அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம். "இஷ்டம்னு சொன்னியே?"

"சொன்னேன். நீங்க சரின்னீங்க."

"நீ இஷ்டம்னதுக்குத்தான் சரின்னேன். போன்னு அர்த்தம்னு நெனச்சேன்."

"போன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"போகாதேன்னும் சொல்லலையே."

இத்தனை பேர் நடுவில், பாலத்தின் முனையில், காற்றில் முடி முகத்தில் அடிக்க அக்கா நின்றாள். எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்ன வாய். அது இப்போது முடியைத்தான் ஊதி ஊதி விலக்கியதாம். அதிகாரி நிமிர்ந்து, அட்டையைத் திரும்ப நீட்டி, "அம்மா, அட்டையை இயந்திரத்தில் காட்டவும்" என்றார்.

காட்டினால் பீப். பீப் என்றால் இறங்கிவிட வேண்டும். அட்டையை இயந்திரத்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, அவள் சொன்னாள்:

"போகாதீங்க. எனக்கு அந்த ஒப்பந்தம் வேண்டாம். நீங்க வீட்டுக்கு வாங்க."

பீப்.

"பூஜ்யம்" என்றார் அதிகாரி.

மாமா பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து எல்லா வாக்கிகளும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கிவிட்டன. அக்கா இறங்கி ஓட வேண்டியதாயிற்று. அவளுடைய ஆட்கள்தான் முதலில் ஏற வேண்டும். கண்ணாடியைக் கொடுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். அக்கா தன் கூட்டத்தை வரிசையில் நிறுத்தி, தலைகளை எண்ணி, திரும்ப எண்ணி, மேலே அனுப்பினாள். சந்தேகம் சார் பாலத்தில் கால்வைக்கும் முன் நின்றார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. அவள் தோளில் தட்டி, "கவலைப்படாதேம்மா" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கப்பல் தாமதமானதற்காக அவள் கவலைப்படுகிறாள் என்று நினைத்திருப்பார். அக்கா தலையை ஆட்டினாள்.

பிறகு புதுப் பயணிகள். வெள்ளமாய் வந்தார்கள். நான் பெட்டிக் கூடத்தில் மைக்கோடு மாட்டிக்கொண்டேன். நடுநடுவே எட்டிப் பார்த்தால், அக்கா கண்ணாடிச் சுவரோரம் நின்று, அப்புறம் தனியாகப் போட்ட சின்னப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் முடிந்தவர்கள் அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். ஒருவர் கிடாரோடு இறங்கினார். இருவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு இறங்கினார்கள். ஒரு பெண் தொட்டிச்செடியோடு இறங்கினாள்.

"அக்கா, தண்ணியாவது குடி."

"கண்ணாடி இல்லாமலே போட்டிருப்பாரு. கையெழுத்துப் போட கண்ணாடி எதுக்கு? வேற யார்கிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுப் போட்டிருப்பாரு."

"அக்கா..."

"பதில் சொல்லலையேடா. பார்த்தாரு. பார்த்துட்டு நின்னாரு. அவ்வளவுதான்."

மேனேஜர் அவள் பக்கம் வந்து, "ஒண்ணும் இல்லம்மா, கப்பல்லேர்ந்து ஒரு புகார்..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் உண்மையாகவே ஒன்றும் இல்லாமல் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பயணிகள் ஏறி முடித்தார்கள். பெரிய பாலத்தை இழுத்தார்கள். மேல்தளத்தில் பாட்டுத் தொடங்கியது. சின்னப் பாலம் மட்டும் மிச்சம். அதன் கயிற்றை அவிழ்க்க இரண்டு பேர் போய் நின்றார்கள். அக்கா கண்ணாடிச் சுவரிலிருந்து விலகி, வெளியே போய், கப்பலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அப்போது மேலே ஒரு சலசலப்பு. "இரு, இரு" என்ற சத்தம். ஒரு மனிதர் ஒரு தோளில் பையும், கையில் சொட்டச் சொட்டத் தண்ணீர் வடியும் பிளாஸ்டிக் மூட்டையுமாக இறங்கி வந்தார். உடம்பில் இன்னும் அந்த ஆரஞ்சு உடுப்பு.

"என்னங்க இது ஈரம்?" என்றாள் அக்கா. முதல் வார்த்தை அதுதான்.

"என் துணி. ஊர் துணியெல்லாம் காய வெச்சேன், என்னுது மெஷின்லயே கிடந்துச்சு. போறதா வாறதான்னு தெரியாம நேத்து ஊறப் போட்டது."

"அதுக்குத்தான் இவ்ளோ நேரமா?"

"ஆபீஸ்ல விட மாட்டேன்னுட்டாங்க. படிச்சுப் பாரு, நல்ல ஒப்பந்தம்னாங்க. கண்ணாடி இல்லன்னேன். ஒருத்தர் அவர் கண்ணாடியக் கழட்டிக் குடுத்தாரு. போட்டேன். எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அக்கா மூட்டையைக் கையில் வாங்கினாள். தண்ணீர் அவள் காலணியில் சொட்டியது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் புருவத்தைச் சுருக்கி, மாமாவின் தோளுக்கு மேலாகச் சின்னப் பாலத்தைப் பார்த்தாள்.

"இறங்கறப்ப பீப் அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சுன்னுதான் நெனக்கிறேன்."

"நெனக்கிறீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு மாமா, பாவம், பையைத் தரையில் வைத்துவிட்டு, கயிறு அவிழ்க்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தி, அந்தச் சின்னப் பாலத்தில் திரும்ப ஏறினார். அக்கா ஈர மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள்.

மேலேயிருந்து தராசுக் குரல் இறங்கி வந்தது: "அம்மா... இவர்... கணக்கில்... இல்லை. அழைத்துப் போகலாம். ஆனால்... அந்த ஆரஞ்சு உடுப்பு... எங்களுடையது."